பித்தளை எடுத்த மீசை

ஐந்து பிளேடு வைத்த ரேசரால் என் கழுத்தெல்லாம் கொப்புளம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கிளினிக் வைத்திருக்கும் தோல் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அஞ்சு பிளேடு போட்டு வழிக்கிற அளவுக்கு உங்க முகத்துல என்ன சார் இருக்கு? ஒண்ணு போதும்" என்றார். நியாயமான பேச்சுதான். அதோடு தெருமுனைக் கடைக்குப் போய் ஏதாவது ஒரு ஒற்றை பிளேடு ரேசரை வாங்கிக்கொண்டு வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. என் மீசையும் இருந்த இடத்திலேயே இருந்திருக்கும்.

ஆனால் நான் பர்ச்சேஸ்காரன். அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில், கொள்முதல் பிரிவிலேயே தலை நரைத்தவன். துடைப்பம் வாங்குவதானாலும் மூன்று இடத்தில் கொட்டேஷன் கேட்பேன். மூன்று சாம்பிள் வரவழைப்பேன். மூன்றாலும் ஸ்டோர்ஸ் தரையைப் பெருக்கிப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். இந்த வியாதி ஆபீசோடு நின்றிருந்தால் பரவாயில்லை, கத்தரிக்காய் வாங்கும்போதும் கூடவே வரும். "பொண்ணு பார்க்கும்போதும் மூணு இடம் பார்த்தீங்களா?" என்று என் மனைவி இன்னும் கேட்பாள். அவள் வீட்டில் மட்டும்தான் என்னைப் பார்க்கவே சம்மதித்தார்கள் என்பதை நான் இதுவரை அவளிடம் சொன்னதில்லை.

செல்போனில் தேட ஆரம்பித்தேன். ஒரு பக்கம் மட்டும் வெட்டும் சேஃப்டி ரேசருக்கென்று தனி உலகமே இருந்தது. சின்ன வயதிலிருந்து, ஐந்து பிளேடுக்கு மாறும்வரை, நான் பழகிய ரேசரில் பிளேடுக்கு இரண்டு பக்கமும் கூர். ஒரு பக்கம் நுரை அடைத்துக்கொண்டால் கையைத் திருப்பி மறுபக்கத்தால் வழிக்கலாம். இந்தப் புது ரேசரில் கூர் ஒரே பக்கம்தான். மறுபக்கம் மொழுக்கென்று வெறும் உலோகம். இருந்ததில் பாதியைக் குறைத்துவிட்டு அதற்காக இவ்வளவு பெருமைப்படுகிறவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை, எங்கள் கம்பெனி மேனேஜ்மென்டைத் தவிர.

அந்தப் பெருமைக்காரர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். சேர்ந்தேன். ஒருவர் எழுதுகிறார்: "டைட்டானியம் முகத்தோடு பேசும்." இன்னொருவர்: "பித்தளை தன் கனத்தாலேயே வழித்துவிடும், நீங்கள் சும்மா கூடப் போனால் போதும்." மூன்றாமவர்: "அலுமினியம் குழந்தை மாதிரி. கொஞ்சம் அழுத்திச் சொன்னால்தான் கேட்கும்." நான் என் பங்குக்கு, "எவர்சில்வர் எப்படி?" என்று கேட்டுவைத்தேன். மூன்று பேர் முகம் சுளிக்கும் பொம்மை போட்டார்கள். பிறகு ஒருவர், அதை எவர்சில்வர் என்று சொல்லக்கூடாது, அது சொம்பும் டம்ளரும் செய்கிற சமாசாரம், ரேசரில் இருப்பது உயர்தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று விளக்கினார். எங்கள் வீட்டுச் சொம்பின் மேல் எனக்கு அன்றுதான் பரிதாபம் வந்தது.

முதலில் இவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். எப்போது சிரிப்பு நின்றது என்று தெரியவில்லை. ஒரு நாள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது, கனம் தலையில் இருக்க வேண்டுமா கைப்பிடியில் இருக்க வேண்டுமா என்று நானே நீளமாக ஒரு கேள்வி தட்டிக்கொண்டிருந்தேன். வானகரத்தில் இறங்க வேண்டியவன் மதுரவாயலில் இறங்கினேன்.

இந்த நேரத்தில் எனக்கு வாய்த்தவர் எங்கள் கம்பெனிக்கு உதிரிபாகம் கடைந்து தரும் பட்டறைக்காரர். பூந்தமல்லி ஆள், என்னைவிடப் பத்து வயது இளையவர். எஸ்டேட்டில் இரண்டு சிஎன்சி மெஷின் போட்டு நடத்துகிறார். வெளிநாட்டு ஆர்டர் ஒன்றுக்காக அவர் அப்போது ஒற்றைப் பக்க ரேசர்தான் கடைந்துகொண்டிருந்தார். வேடிக்கை என்னவென்றால், மனிதருக்கு நெஞ்சு வரை தாடி. மேலுதட்டை மட்டும் ஒழுங்காக மழித்திருப்பார், அதையும் சலூனில்தான்.

"ஏன்யா, நீயே ரேசர் போடாம எப்படி ரேசர் செய்யறே?" என்று கேட்டேன்.

"இன்னா அண்ணாத்தே, சவப்பெட்டி செய்றவன் உள்ள படுத்தா பார்க்குறான்?" என்றார்.

பிறகு ஒரு டப்பாவைத் திறந்து மூன்று ரேசர்களை என் முன்னால் வைத்தார். ஒன்று அலுமினியம், ஒன்று எவர்சில்வர், ஒன்று பித்தளை. மூன்றும் ரிஜெக்‌ஷன் பீஸ். கண்ணுக்குத் தெரியாத கீறல் ஏதோ இருக்கிறதாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை செய்கிறவன் வீட்டில் ரிஜெக்‌ஷன் பீஸ் இல்லாமல் இருக்காது. எங்கள் வீட்டுக் கதவுக்கு முட்டுக்கொடுப்பது ரிஜெக்ட் ஆன பேரிங். துணிக்கொடியைத் தாங்குவது ரிஜெக்ட் ஆன ஷாஃப்ட். வாங்கிக்கொண்டேன்.

"மூணையும் போட்டு பாத்து எது நல்லா கீதுன்னு சொல்லு அண்ணாத்தே. திங்கக்கெயம அந்த வெள்ளக்காரனுக்கு சொல்லணும். டைட்டானியம் மட்டும் கேக்காதே, அதுல ரிஜெக்‌ஷன் வந்தா நானே அழுதுருவேன்."

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேக் செய்வதற்கு வாங்கிவைத்திருந்த குட்டித் தராசில் மூன்றையும் நிறுத்தேன். அலுமினியம் முப்பது கிராமுக்குக் கொஞ்சம் மேல். எவர்சில்வர் கிட்டத்தட்ட அதைப்போல மூன்று மடங்கு. பித்தளை நூறைத் தாண்டிவிட்டது. மனைவி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நான் எவ்வளவு வெயிட்டுன்னு ஒரு நாள் கேட்டிருப்பீங்களா?" என்றாள். கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அப்பா ஹாலில் உட்கார்ந்திருந்தார். அவர் கையிலும் ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். ஆவடியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு கண்ணிலும் புரை முற்றி, எதிரே ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. அலுமினியத்தை வாங்கி, "இன்னாடா, கையில ஒண்ணுமே இல்லாத மாரி கீது" என்றார். பித்தளையை வாங்கியதும் கை கொஞ்சம் தாழ்ந்தது. "இது தண்ணிக் கொயா மாரி கீதுடா. இதுல எப்படி மூஞ்ச வயிப்பே?" என்று அதைக் குழாய் மாதிரித் திருகிக்காட்டிச் சிரித்தார்.

அப்பாவின் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்கு இரண்டு முறை தேதி வாங்கி, இரண்டு முறையும் வாசலோடு திரும்பியவர் அவர். முதல் முறை யாரோ தும்மினார்கள். அடுத்த முறை நாங்கள் காரில் ஏறும் சமயம் பார்த்து எதிர்வீட்டு அம்மா, "எங்க பெரியவரே கிளம்பிட்டீங்க?" என்று கேட்டுவிட்டார். எங்கே போகிறாய் என்று கேட்டுவிட்ட பிறகு போவதா? அப்பா இறங்கி உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். நான் கத்தினேன். அவர் ரேடியோவைப் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு நாள், வாசலில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்த ஷேர் வேனை எங்கள் கார் என்று நினைத்து ஏறி உட்கார்ந்துவிட்டார். அது அவரைக் கோயம்பேட்டுக்குக் கொண்டுபோய்விட்டது. ஊருக்கெல்லாம் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். ஆனால் திருவேற்காட்டுத் தெருவில் எல்லா வண்டியும் நின்றுகொண்டிருப்பதில்லை. அடுத்த முறை அவர் தடவிப் பார்க்கப் போகும் வண்டி ஓடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கு எந்நேரமும் இருந்தது. புரை இன்னும் முற்றினால் ஆபரேஷனே சிக்கலாகிவிடும் என்று கண் டாக்டரும் சொல்லிவிட்டார். கெஞ்சி, மிரட்டி, பேசாமல் இருந்து, கடைசியில் அப்பாவே பஞ்சாங்கம் படிக்கச் சொல்லிக் கேட்டு ஒரு நாள் குறித்துக் கொடுத்தார். அது திங்கட்கிழமை. மூன்றாவது முறையும் ஏதாவது சகுனத் தடை வந்தால் இனிமேல் கண்ணைப் பற்றிப் பேசவே கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

முந்தின நாள் ஞாயிறு. காலையில் நான் டிரையலுக்கு இறங்கினேன்.

இன்றைக்கு ஒரு ரேசர், நாளைக்கு ஒரு ரேசர் என்று பார்ப்பது விவரம் தெரியாதவன் செய்வது. நாளுக்கு நாள் முடியின் நீளம் மாறும், நுரை மாறும், மனநிலை மாறும். மூன்று சாம்பிளையும் ஒரே நிலைமையில் சோதிப்பதுதான் முறை. ஆகவே முகத்தை மூன்றாகப் பிரித்தேன். இடது கன்னம் அலுமினியத்துக்கு, கழுத்து எவர்சில்வருக்கு, வலது கன்னம் பித்தளைக்கு. துடைப்பத்துக்கு ஸ்டோர்ஸ் தரையைப் பிரித்துக் கொடுத்தவனுக்கு இது பெரிய வேலையா?

அலுமினியம் குழுவில் சொன்னபடியே அழுத்தினால்தான் கேட்டது. நன்றாக அழுத்தி இடது கன்னத்தை முடித்தேன். எவர்சில்வர் கழுத்தில் மரியாதையாக நடந்துகொண்டது. பித்தளையை எடுத்தேன். முதல் இழுப்பிலேயே தெரிந்துவிட்டது. கை சும்மா கூடப் போனது, கனம் தானாக வேலை செய்தது. எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். குழுவில் இதை எப்படி எழுதுவது என்று மனதில் வாக்கியம் அமைத்துக்கொண்டே கன்னத்தை முடித்து, மீசையின் ஓரத்தை நேராக்கலாம் என்று போனேன். அதற்குள் ரேசரில் நுரை அடைத்துக்கொண்டது. கை தானாகத் திரும்பியது.

இத்தனை வருடம் இரண்டு பக்கக் கூரோடு பழகிய கை. அதற்கு யார் சொல்வது, இப்போது மறுபக்கம் வெறும் பித்தளை என்று? மீசை ஓரத்தில் வைத்து இழுத்தேன். ஒரு முடிகூட வரவில்லை. ஆகா, பித்தளை மீசையிடம் தோற்றுப்போகிறது, இதைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்து, அலுமினியத்தை அழுத்திய மாதிரியே அழுத்தினேன். அப்போதும் வரவில்லை. இன்னும் அழுத்தினேன். பிறகுதான் உறைத்தது. சே என்று ரேசரைத் திருப்பினேன். ரேசர் திரும்பிவிட்டது, கையிலிருந்த அழுத்தம் மட்டும் போகவில்லை. நூறு கிராமுக்கு மேல் பித்தளை, அதன்மேல் என் ஆத்திரம்.

சரக்கென்று ஒரே சத்தம். வலிக்கவில்லை. ரத்தம்கூட வரவில்லை. அவ்வளவு நல்ல ரேசர்.

வலது பக்கம் பாதி மீசையைக் காணோம். இடது பக்கத்தையும் அதற்குச் சமமாகக் குறைத்தேன். குறைத்தது கொஞ்சம் கூடிப்போயிற்று. வலது பக்கத்தைத் திருத்தினேன். இப்படி இரண்டு பக்கமும் மாறி மாறி நியாயம் செய்ததில் கடைசியில் மூக்குக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம் மட்டும் மிச்சம் இருந்தது. அந்தக் கட்டத்தோடு வெளியே போனால் கேஸ் வேறு மாதிரி ஆகிவிடும். அதையும் எடுத்தேன்.

மீசையில்லாத ஒரு ஆள் கண்ணாடியில் நின்றுகொண்டிருந்தான். எனக்கு அப்போதுதான் அப்பா ஞாபகம் வந்தது.

எங்கள் பக்கத்தில் என் வயதுக்காரன் ஒருவன் ஒரு நாள் காலையில் திடீரென்று மீசையில்லாமல் தெருவில் வந்து நின்றால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். அப்பா போய்விட்டார் என்று எடுத்துக்கொள்வார்கள். தாத்தா செத்தபோது அப்பா அப்படித்தான் வந்து நின்றார். நான் சின்னப் பையன். அந்த மொட்டை முகத்தைப் பார்த்துப் பயந்துபோய் அவர் பக்கத்திலேயே போகவில்லை. மறுநாள் ஆபரேஷன். தும்மலுக்கே திரும்பிய மனிதர், தன் கருமத்துக்கு எடுக்க வேண்டியதை முன்கூட்டியே எடுத்துவிட்டு நிற்கும் மகனைப் பற்றி யாராவது சொல்லிவிட்டால் என்ன செய்வார்?

குளியலறைக் கதவைத் திறந்ததும் மனைவி பார்த்தாள். வாயில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயையோ, மாமா உள்ள இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருக்காருங்க!" என்றாள் ரகசியமாக. அவளைப் பொறுத்தவரை நான் செய்தது கிட்டத்தட்ட கொலை.

"வேணும்னா எடுத்தேன்? ரேசர் திரும்பிடுச்சு."

"ரேசர் திரும்பல. உங்க புத்திதான் திரும்பிடுச்சு. மூணு ரேசர் வெச்சு ஒரு மூஞ்சிய வழிச்ச ஆளு ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்."

 பால் பாக்கெட் எடுக்க வாசலுக்குப் போனேன். அதுதான் அன்று நான் செய்த அடுத்த தப்பு. எதிர்வீட்டு அம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த மாவு கீழே கொட்டியது. ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே ஓடிவிட்டார். நான் பாலைக் காய்ச்சி முடிப்பதற்குள் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் கும்பிடும் கைகள் வரிசையாக வர ஆரம்பித்தன. "நல்ல மனிதர்" என்று ஒருவர். "தெருவுக்கே இழப்பு" என்று இன்னொருவர். அப்பாவோடு தண்ணீர்க் குழாய்க்காக நான்கு வருடம் பேசாமல் இருந்தவர் அவர்.

தெரு நலச் சங்கச் செயலாளர் நேரிலேயே வந்துவிட்டார். கேட்டைத் திறக்காமல் வெளியே நின்றபடி, குரலைத் தாழ்த்தி, "ஐஸ் பெட்டி சொல்லிட்டுமா சார்? வானகரத்துல நம்ம பையன் ஒத்தன் கீறான், அர மணி நேரத்துல வந்துரும்" என்றார்.

"அப்பா நல்லா இருக்கார் சார். உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருக்கார்."

அவர் என் மேலுதட்டைப் பார்த்தார். உள்ளேயிருந்து, "சட்னி போடும்மா" என்ற அப்பாவின் குரல் கேட்டது. செயலாளருக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் போகும்போது, "அப்ப பெட்டி வோணாமா?" என்று ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

நெமிலிச்சேரியில் இருக்கும் அப்பாவின் பங்காளி ஒருவர் போன் செய்தார். வீட்டுப் போன் எப்போதும் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அப்பாவே எடுத்து, "ஆங், நான்தான் பேசறேன், யாரு?" என்றார். அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். "எவனோ போன் பண்ணி, எங்கொரல கேட்டதும் ஐயோன்னு கத்திட்டு வெச்சிட்டான்டா. ராங் நம்பர் போல கீது" என்றார் அப்பா. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். திருப்பியிருக்க வேண்டியதேயில்லை. அவருக்கு நான் அங்கே நிற்பதுதான் தெரியும்.

பட்டறைக்காரருக்கு போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டு முதலில் பத்து நிமிஷம் சிரித்தார். பிறகு, "நானுந்தான் மீசை இல்லாம கீறேன் அண்ணாத்தே. எங்க அத்தா பூந்தமல்லில பிரியாணி துன்னுகினு ஜம்முனு கீறாரு. மீசைக்கும் உசுருக்கும் இன்னா சம்மந்தம்?" என்றார். எனக்கும் தெரியும், சம்பந்தம் இல்லை. அதை அப்பாவிடம் யார் சொல்வது? வைப்பதற்கு முன் அவர், "அது சரி, மூணுல எது நல்லா கீது?" என்று கேட்டார். போனை அணைத்துவிட்டேன்.

அப்பாவுக்குத் தெரியாது, ஆனால் பார்க்கிறவர்கள் யாராவது அவர் காதுபடக் கேட்டுவிட்டால்? வழி கண்டுபிடித்தது மனைவிதான். முகக்கவசம். ஆஸ்பத்திரியில் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், நர்ஸுகளும் சந்தோஷப்படுவார்கள்.

திங்கட்கிழமை காலை நல்ல நேரம் பார்த்துக் கிளம்பினோம். அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். என் மனைவி அவரைப் பார்த்து, தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். தேவையே இருக்கவில்லை. செயலாளர் சொல்லியும் நம்பவில்லையோ என்னவோ, முந்தின நாள் செத்துப்போனவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நடந்து வருவதைப் பார்த்த அந்த அம்மாவுக்கு, எங்கே போகிறீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை. பித்தளை ரேசரால் நடந்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குப் பச்சை அங்கி போட்டுவிட்டு நர்ஸ் கேட்டாள். "தாத்தா, கூட யாரு வந்திருக்காங்க?"

"எம் புள்ள. வெளிய நிப்பான் பாரும்மா. நல்லா பெரிய மீசை வெச்சிருப்பான்."

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் முகக்கவசத்தைச் சற்றுக் கீழே இறக்கிக் காட்டி, இரண்டு கையையும் கூப்பினேன். அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, "ஆமா தாத்தா, பெரிய மீசைதான்" என்று சொல்லிவிட்டு அவரை உள்ளே அழைத்துப் போனாள். அவள் நன்றாக இருக்க வேண்டும்.

கதவு சாத்திக்கொண்டது. நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மேலுதட்டைத் தடவிக்கொண்டே இருந்தேன். சகுனம், தும்மல், பூனை எல்லாவற்றையும் ஆயுள் முழுக்கக் கிண்டல் செய்தவன் நான். கண் புரை ஆபரேஷன் பெரிய விஷயமே இல்லை என்று அப்பாவுக்கு நூறு முறை சொன்னவனும் நான்தான். இருந்தாலும் அந்த நாற்காலியில் எனக்குப் பயமாக இருந்தது. உள்ளே அவருக்கு ஏதாவது ஆனால், அதற்கு நான் நேற்றே தயாராகிவிட்ட மாதிரி ஆகிவிடுமே என்று தோன்றியது. அவரை நான்தான் அனுப்பிவைத்தேன் என்று எனக்கே தோன்றிவிடும், யார் சொன்னாலும் மாறாது. மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது அவள்கூடக் கிண்டல் செய்யவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு கண்ணில் கட்டோடு அப்பா வெளியே வந்தார். "இவ்ளோதானா? இதுக்கா என்னெ இத்தினி நாளு பயமுறுத்தனே?" என்று என்னைத் திட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. முகக்கவசம் அதற்கும் உதவியது.

மறுநாள் காலை கட்டுப் பிரிக்கப் போனோம். டாக்டர் பஞ்சை எடுத்து, ஏதோ சொட்டு மருந்து விட்டு, கண்ணைத் திறக்கச் சொன்னார். அப்பா திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். சுவரில் இருந்த எழுத்துகளை டாக்டர் படிக்கச் சொன்னார். அப்பா சுவரைப் பார்க்கவேயில்லை. முதலில் என் மனைவியைப் பார்த்து, "இன்னாம்மா, இப்படி எளச்சிப் பூட்டே?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அத்த கயட்டுடா. உம் மூஞ்சியப் பாத்து ரெண்டு வருசம் ஆச்சு."

நான் முகக்கவசத்தை இன்னும் மேலே இழுத்துக்கொண்டேன். மனைவி, "மாமா, ஆஸ்பத்திரியில எல்லாரும் போட்டுக்கணுமாம்" என்றாள். டாக்டர், "பரவால்ல, கழட்டுங்க. பெரியவர் பார்க்கட்டும்" என்றார். எல்லோரும் நல்லவர்களாக இருந்தால் இப்படித்தான் மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். இரண்டு வருடமாக என் முகத்தைப் பார்க்காத மனிதர் எனக்காகக் கண்ணை அகலத் திறந்துகொண்டு காத்திருந்தார். கழற்றினேன்.

அப்பா பார்த்தார். புதுக் கண்ணால் மேலும் கீழும் நன்றாகவே பார்த்தார். முகம் சுருங்கியது.

"யார்ரா பூட்டாங்க?"

"யாரும் இல்லப்பா."

"அப்ப நானா?" என்று கேட்டுவிட்டுத் தன் மார்பைத் தானே தொட்டுப் பார்த்தார். "நான்தான் கீறேனே!"

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரேசர்ப்பா என்று ஆரம்பித்து, அலுமினியம், எவர்சில்வர், பித்தளை, அழுத்தம், கை திரும்பியது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் கண்ணாடி உடைத்துவிட்டு வந்து நின்ற மாதிரி இருந்தது. அப்பா முழுக்கக் கேட்டார்.

"அந்தத் தண்ணிக் கொயாவா?"

"ஆமாப்பா."

அவர் கையை நீட்டி என் மேலுதட்டைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினார். "சுத்தமா எட்த்துகீது" என்றார். ஃபிட்டர் இல்லையா, வேலையைத்தான் முதலில் பார்க்கிறார். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நான் அடுத்த கண்ணுக்கு அவர் வர மாட்டார் என்று முடிவே செய்துவிட்டேன்.

"சரி வுடு," என்றார் கடைசியில். "இது மொளச்சி பயையபடி வர்ற வரிக்கும் நான் எங்கியும் போவ முடியாது. நான் போற அன்னிக்கி எடுக்கறதுக்கு உனுக்கு எதுனா இருக்கணுமில்ல? டாக்டரே, அந்தக் கண்ணுக்கும் நாள் சொல்லுங்க. இப்ப எனக்கு ஒண்ணும் ஆவாது."

அடுத்த கண்ணும் ஆயிற்று. அந்த முறை எதிர்வீட்டு அம்மா மறந்துபோய், "எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டே விட்டார். அப்பா நின்று, "கண்ணு ஆபரேசனுக்கும்மா" என்று பதில் சொல்லிவிட்டு என் மேலுதட்டை ஒரு முறை பார்த்துக்கொண்டு காரில் ஏறினார்.

பட்டறைக்காரர் விடவில்லை. பித்தளைதான் என்று சொல்லி அனுப்பினேன். ரேசர் குழுவிலும் அதையே போட்டேன். காரணம் கேட்டு எழுதியவர்களுக்குப் பதில் எழுதவில்லை. என் கழுத்தில் கொப்புளம் போய்விட்டது, அது வேறு விஷயம்.

இப்போது மாதங்கள் ஆகின்றன. ஆபீசில் ஏன் சார் மீசை வைக்கவில்லை என்று கேட்கிறார்கள். வெயிலுக்கு இதுதான் சுகம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். தினமும் காலையில் ஹாலில் இருக்கும் வாஷ்பேசின் முன்னால் நின்று, மேலுதட்டில் நுரை போட்டு, பித்தளையைக் கையில் எடுக்கிறேன். அழுத்துவதில்லை. திருப்புவதில்லை. சும்மா கூடப் போகிறேன்.

அப்பா எதிரே நாற்காலி போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிறார். டெண்டர் விளம்பரம்வரை விடுவதில்லை. அந்தக் கண்ணுக்கு என் உதட்டில் இருக்கும் நுரை தெரியாமல் இருக்க வழியே இல்லை. ஆனாலும் சில நாள் கேட்பார்.

"இன்னும் மொளைக்கலியாடா?"

"இல்லப்பா. இந்த வயசுல மெதுவாத்தான் வரும்."

அப்பா பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்புவார்.

"மெதுவாவே வரட்டும்," என்பார். "இன்னா அவசரம்?"